இலங்கையின் எதிர்க்கட்சியான ஐக்கிய மக்கள் சக்தி இனி என்ன செய்ய வேண்டும்? ஐக்கிய தேசியக் கட்சியின் ரணில் விக்ரமசிங்கவோடு சேர்வதா, தனியே நிற்பதா?

சேர்வதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் ஐக்கிய மக்கள் சக்தியின் சஜித் பிரேமதாசவுக்கு விழுந்த 4,363,035 வாக்குகளில் கட்சியின் சொந்த வாக்கு எவ்வளவு, கைமாற்றாக வந்தது எவ்வளவு என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை காணாமல் எந்தக் கூட்டணி பேசினாலும் வீண்.

முடிவு வந்த நாள் முதல் ஆதரவாளர்கள் சொல்லும் கணக்கு இது: சஜித் 32.76, ரணில் 17.27, கூட்டினால் 50.03 சதவீதம். வென்ற அநுர குமார திசாநாயக்க பெற்றது 42.31 மட்டுமே. ஆகவே பிரிந்ததால் தோற்றோம். இந்தக் கணக்கு சரியா என்று அதே தேர்தலின் எண்களை வைத்தே பார்த்துவிடலாம். யாரும் 50 சதவீதத்தைத் தாண்டாததால் இலங்கையில் முதல் முறையாக அன்று இரண்டாம், மூன்றாம் விருப்புகள் எண்ணப்பட்டன.

முதல் இருவரை விட்டால் மற்ற வேட்பாளர்கள் அனைவரும் சேர்ந்து பெற்றவை 3,321,666 வாக்குகள். அந்த வாக்குச் சீட்டுகளிலிருந்து அடுத்த விருப்பாகச் சஜித்துக்குப் போனவை 167,867, அநுரவுக்குப் போனவை 105,264. நூற்றுக்கு எட்டுச் சீட்டில்தான் இந்த இருவரில் ஒருவருக்கு அடுத்த விருப்பு இருந்திருக்கிறது. அப்படிக் குறித்தவர்கள் 61க்கு 39 என்று பிரிந்தார்கள். மீதிப் பேரும் குறித்து, அதே விகிதத்தில் பிரிந்திருந்தால்? சஜித்துக்குச் சுமார் 64 லட்சம், அநுரவுக்குச் சுமார் 69 லட்சம். அப்போதும் ஐந்து லட்சத்தால் தோல்விதான். வெல்ல வேண்டுமானால் நூற்றுக்கு 69க்கு மேல் சஜித் பக்கம் வந்திருக்க வேண்டும். இதில் ரணிலின் வாக்கோடு பொதுஜன பெரமுனவின் நாமல் ராஜபக்சவின் வாக்கும் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் வாக்கும் கலந்திருக்கின்றன. குறித்தவர்களை வைத்துக் குறிக்காதவர்களின் மனதை முழுதாக அளக்கவும் முடியாது. ஆனாலும் ரணிலின் வாக்கு அப்படியே சஜித்தின் கணக்கில் சேர்ந்திருக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை.

அடுத்த 54 நாளில் நடந்ததைப் பாருங்கள். நவம்பர் 14 பொதுத் தேர்தலில் ஐக்கிய மக்கள் சக்தி பெற்றது 1,968,716 வாக்குகள், 40 ஆசனங்கள். ரணிலின் ஆட்கள் சிலிண்டர் சின்னத்தில் நின்று பெற்றது 500,835. செப்டம்பரில் இரு தரப்புக்கும் சேர்த்து 66 லட்சத்துக்கு மேல் இருந்தது, 25 லட்சத்துக்குள் வந்துவிட்டது. மொத்தமாக வாக்களித்தவர்கள் குறைந்தது சுமார் 18 லட்சம். அநுரவின் தேசிய மக்கள் சக்திக்குக் கூடியது சுமார் 12 லட்சம். வீட்டில் இருந்துவிட்டவர்கள், அதன் திசைகாட்டிச் சின்னத்துக்கு மாறியவர்கள், தங்கள் பழைய கட்சிக்கே திரும்பியவர்கள் என்று மூன்று வகையினர் இதில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு.

மூன்றாம் வகையை யாழ்ப்பாணத்தில் தெளிவாகப் பார்க்கலாம். செப்டம்பரில் அந்த மாவட்டத்தில் முதலிடம் சஜித்துக்கு. இலங்கைத் தமிழரசுக் கட்சி அவரை ஆதரிப்பதாக அறிவித்திருந்தது. நவம்பரில் தமிழரசுக் கட்சி தன் சின்னத்தில் தனியே நின்றது. ஐக்கிய மக்கள் சக்திக்கு அங்கே ஓர் ஆசனமும் இல்லை. நுவரெலியாவில் கதை வேறு. பங்காளியான தமிழ் முற்போக்குக் கூட்டணி கூடவே இருந்தும் இரண்டு லட்சத்துச் சொச்சம் வாக்கு ஒரு லட்சத்துச் சொச்சமாகப் பாதியானது. ஆகவே பங்காளிக் கட்சி கூட நின்றால் மட்டும் போதாது.

இது புதிதாக நேர்ந்ததும் அல்ல. 2019இல் சஜித் 5,564,239 வாக்குகள் பெற்றார். 2020 ஆகஸ்டில் கட்சி பெற்றது 2,771,980. ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளருக்கு விழும் வாக்கைக் கட்சியின் பலம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு முறை ஏமாந்தாயிற்று.

தோல்வியை ஆராய்வது என்றால் கொழும்பில் குழு போட்டு அறிக்கை எழுதுவது அல்ல. நாட்டில் 160 தேர்தல் தொகுதிகள் இருக்கின்றன. தொகுதி ஒன்றுக்கு ஒரு தாள். அதில் பதிவான வாக்காளர், வாக்களித்தவர், நிராகரிக்கப்பட்டவை, கட்சிகள் பெற்றவை என நிரல்கள். செப்டம்பர், நவம்பர், 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தல் என மூன்று வரிசைகள். சதவீதத்தை எழுத வேண்டாம், எண்ணிக்கையை எழுதுங்கள். வாக்களித்தோர் தொகை குறையும்போது சதவீதம் கண்ணைக் கட்டிவிடும். உள்ளூராட்சி முடிவுகள் வட்டாரவாரியாக வருவதால், எந்த வட்டாரம் எந்தத் தொகுதிக்குள் வருகிறது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஜனாதிபதி, பொதுத் தேர்தல்களில் தபால் வாக்கு மாவட்ட அளவில் தனியாக வரும்; அதைத் தொகுதிக்குள் போட்டுக் குழப்பக் கூடாது. அரச ஊழியரின் மனநிலையை அறிய அந்த ஒரு தாள் போதும்.

நிராகரிக்கப்பட்ட வாக்கு நிரலை யாரும் கவனிப்பதில்லை. செப்டம்பரில் 300,300 ஆக இருந்தது நவம்பரில் 667,240 ஆனது. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பைக் குறிக்கலாம்; பொதுத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு மூன்று வேட்பாளர் இலக்கங்கள் வரை புள்ளடி, அதாவது விருப்பு வாக்கு. இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறைகள் வந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. மாதிரி வாக்குச் சீட்டோடு வீடு வீடாகப் போகக் கிளையில் ஆள் இருக்கும் கட்சிக்கு இந்த இழப்பு குறையும்.

நவம்பரில் கட்சி தடுமாறியதற்குக் காலமும் ஒரு காரணம்தான். செப்டம்பர் 22இல் முடிவு, 24இல் பாராளுமன்றம் கலைப்பு, அக்டோபர் 11 நண்பகலுடன் வேட்புமனு முடிவு. பத்தொன்பது நாளில் 22 மாவட்டப் பட்டியல்கள். ஆனால் வென்றவர்களுக்கும் அதே நாட்கள்தான் இருந்தன. இந்தப் பக்கம் போட்டி திசைகாட்டியோடு நடந்ததைவிட விருப்பு வாக்குக்காகத் தங்களுக்குள் நடந்ததே அதிகம். தேர்தல் முடிந்த பிறகும் ஐந்து தேசியப் பட்டியல் ஆசனங்களில் ஒன்றுக்கு மட்டும் உடனே பெயர் வந்தது. மற்ற நான்கும் டிசம்பர் வரை இழுபட்டன. பங்காளிகளுக்கு வாய்மொழியாகக் கொடுத்த வாக்குறுதிகள் மோதினால் இப்படித்தான் ஆகும். வேட்புமனுவுக்கு முன்பே யாருக்கு எத்தனை, எந்த வரிசையில் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.

2025 மே முடிவு கட்சிக்குக் கசப்பான பாடம். தேசிய மக்கள் சக்தியின் வாக்கு சுமார் 68.6 லட்சத்திலிருந்து 45 லட்சமாகச் சரிந்தது. ஐக்கிய மக்கள் சக்திக்குக் கூடியது மூன்று லட்சத்துக்கும் குறைவு. பொதுஜன பெரமுனவுக்குக் கூடியது ஆறு லட்சம். அரசாங்கத்தின் மீது சலித்தவர்கள் தானாக ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசிச் சின்னத்துக்கு வருவார்கள் என்று காத்திருப்பது பலிக்கவில்லை. கொழும்பு மாநகர சபையில் 117 பேரில் 48 பேர்தான் ஆளும் தரப்பு. எதிரணியினர் சேர்ந்து மேயர் பதவிக்கு ஒருவரை நிறுத்தினார்கள். இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்று தோற்றார்கள். மேல்மட்டத்தில் கைகுலுக்கினால் கீழே உள்ள உறுப்பினர் கட்டுப்படுவார் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

தலைவரை மாற்று என்ற குரலும் கேட்கிறது. சஜித்தின் தலைமையில் குறை சொல்ல நிறைய இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் 2019இல் 418,553 வாக்குகள், 3.16 சதவீதம் பெற்ற அநுரவை அவர் கட்சி மாற்றவில்லை. ஐந்து ஆண்டுகள் கிராமக் கூட்டம், பெண்கள் மாநாடு, தொழில்சார் அமைப்புகள் என்று வேலை செய்தது. 2022 நெருக்கடியில் மக்கள் பழைய கட்சிகளைக் கைவிட்டபோது, கதவைத் தட்டப் போக அவர்களுக்கு ஆட்கள் இருந்தார்கள். ஐக்கிய மக்கள் சக்தியிடமும் இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். 2025இல் வட்டாரத்தில் நின்று வென்றவர்கள், சொற்ப வாக்கில் தோற்றவர்கள். வட்டாரத்தில் கட்சிக்கு ஒரே வேட்பாளர் என்பதால் அவர்களுக்குள் விருப்பு வாக்குச் சண்டை கிடையாது. தொகுதி அமைப்பாளர் பதவியைக் கொழும்பிலிருந்து நியமிப்பதை விட்டு இவர்களிலிருந்து தெரிவு செய்தால் கட்சிக்குக் கால் முளைக்கும்.

ஐக்கிய தேசியக் கட்சியோடு இணைவதற்கு நான் எதிரி அல்ல. அடுத்த களம் மாகாண சபைத் தேர்தலாக இருக்கலாம். 2014க்குப் பிறகு அது நடக்கவே இல்லை. பழைய விகிதாசார முறையிலேயே நடந்தால் மாகாணத்தில் அதிக வாக்கு பெறும் கட்சிக்கு இரண்டு போனஸ் ஆசனங்கள் உண்டு. அங்கே கூட்டுப் பட்டியலுக்கு நேரடிப் பலன் இருக்கிறது. ஆனால் சின்னம் ஐக்கிய தேசியக் கட்சியின் யானையா தொலைபேசியா, ஒவ்வொரு மாவட்டப் பட்டியலிலும் யாருக்கு எத்தனை பெயர், வேட்புமனுவில் எந்தக் கட்சிச் செயலாளர் கையெழுத்திடுவார் என்ற மூன்றையும் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே எழுத்தில் முடிக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு பேசத் தொடங்கினால் நேரம் போதாது.