பழைய விடெக் சிட்டியை விற்கும் முன் இன்ஜினை மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் 2002 ஜூனில் வாங்கிய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது. முதல் ஓனர் நான்தான். 1,42,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இப்போது ஆயில் குடிக்கிறது, பழைய இழுவையும் இல்லை. விற்கலாம் என்றால், “இப்படியே கொடுத்தால் ஒன்றரை லட்சம்கூட வராது. ஜப்பான் ஹாஃப் கட் 1.8 ட்வின் கேம் இன்ஜின் இறக்கிவிடலாம். மூன்றரை லட்சம் செலவு, வண்டி எட்டு லட்சத்துக்குப் போகும்” என்கிறார் ஒரு கேரேஜ்காரர். இன்னொரு புரோக்கர், “பாலக்காட்டில் பார்ட்டி ரெடி, ஃபார்ம்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள்” என்கிறார். எதைச் செய்வது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். கேரேஜ்காரரால் போவது பணம். புரோக்கரால் போவது தூக்கம்.

முதலில் இன்ஜின். ஹாஃப் கட் என்றால் ஜப்பானில் ஓடிய பழைய காரின் முன்பாதியை வெட்டி இறக்குமதி செய்தது. உங்கள் ஆர்.சி. புக்கில் 1493 சி.சி. என்று இருக்கும், பக்கத்தில் இன்ஜின் நம்பர் இருக்கும். 1.8 இன்ஜினை இறக்கிய நிமிடத்தில் அந்த இரண்டும் பொய்யாகிவிடும். கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறும்படி எதையும் மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்துவிட்டது. அதே ஆண்டு திருத்தச் சட்டத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

“ஐயாயிரம்தானே சார்” என்று கேரேஜ்காரர் சிரிப்பார். அபராதம் இங்கே சின்ன விஷயம். எட்டு லட்சம் கொடுக்கத் தயாராக இருப்பவன் விவரம் தெரிந்தவனாகத்தான் இருப்பான். பானெட்டைத் திறந்ததும் இன்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுவான். பொருந்தாவிட்டால் பேர் மாற்ற முடியாது. விபத்து நடந்தால் சொந்தச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும். உங்கள் ஆர்.சி. 2027 ஜூனில் முடிகிறது. அப்போது புதுப்பிக்க வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்தியாக வேண்டும். அந்த வண்டியை எட்டு லட்சம் கொடுத்து யார் வாங்குவார்?

செலவுக் கணக்கும் அரைகுறை. மூன்றரை லட்சம் என்பது இன்ஜின், கியர்பாக்ஸ், கூலி. மவுன்ட்டுகள், டிரைவ் ஷாஃப்ட், இ.சி.யூ. என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர், வயரிங், பெரிய ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் வேலை பாதி நடந்த பிறகு ஒவ்வொன்றாக வரும். பின்சக்கரத்தில் டிரம் பிரேக்கோடு 106 குதிரைத்திறனுக்காக வடிவமைத்த வண்டி உங்களுடையது. வேகத்தைக் கூட்டுகிறவர் நிறுத்துவதைப் பற்றி வாயே திறக்கவில்லை பாருங்கள். “கே சீரிஸ் போடலாம், அதுதான் புதுசு” என்று இன்னொருவர் வருவார். ஹோண்டாவே பின்னால் கொண்டுவந்த அந்த இன்ஜின் சுற்றுவதே எதிர்த்திசையில். கியர்பாக்ஸ் வேறு பக்கம் உட்காரும், மவுன்ட் எல்லாம் வெட்டி ஒட்ட வேண்டும். செட்டிபாளையம் டிராக்கில் மட்டும் ஓட்டி, வீட்டிலிருந்து டிரெய்லரில் ஏற்றிப் போகிறவர்களுக்கு அது சரி. நீங்கள் கேட்டது ரோட்டில் ஓடும் வண்டியை விற்க.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதைத்தான் எல்லோரும் வளைத்துப் பேசுவார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய இன்ஜின் பிளாக் வெடித்துவிட்டது, சரிசெய்யவே முடியாது என்றால், அதே கம்பெனியின் அதே ரக இன்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றலாம். ‘அதே ரகம்’ என்றால் ஹோண்டா என்று எழுதியிருந்தால் போதும் என்று அர்த்தம் இல்லை. உங்கள் வண்டிக்கு அதே 1.5 விடெக் பெட்ரோல் இன்ஜின். 1.3 கூடாது, விடெக் இல்லாத பழைய 1.5 கூடாது, ஜப்பான் ஹாஃப் கட் 1.6-ம் கூடாது. இன்ஜின் கொடுத்தவரின் பில் வேண்டும், பில்லில் இன்ஜின் நம்பர் எழுதியிருக்க வேண்டும். கழித்துக்கட்டிய வண்டியிலிருந்து எடுத்தது என்றால் அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான காகிதமும் வேண்டும். அந்த நம்பர் திருட்டு வண்டியுடையது அல்ல என்று போலீஸ் சான்று கேட்கும் அலுவலகங்களும் உண்டு. அனுமதி முதலில், மாற்றுவது பிறகு. இன்ஸ்பெக்டர் பார்த்து, நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுத்து, புது நம்பர் ஆர்.சி.யில் ஏறி, அதை இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் திருத்திய பிறகுதான் அந்த இன்ஜின் உங்களுடையது. “முதலில் போட்டுவிடலாம், பேப்பரை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஹாஃப் கட் இன்ஜின்களில் பெரும்பாலும் இந்த முதல் காகிதமே, அதாவது நம்பரோடு கூடிய பில்லே, கிடைக்காது.

சரி, உங்கள் இன்ஜின் செத்துவிட்டதா? அதை யாரும் சோதித்ததாகவே நீங்கள் எழுதவில்லை. ஆயில் குடிக்கிறது என்ற ஒரு வார்த்தையை வைத்து மூன்றரை லட்சத்துக்கு மருந்து எழுதுகிறார்கள்.

வண்டியைக் குன்னூர் வரை ஏற்றி இறக்குங்கள். இறக்கத்தில் கியரிலேயே, ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல் கொஞ்ச தூரம் வரட்டும். வளைவு முடிந்ததும் மிதியுங்கள். பின்னால் இன்னொரு வண்டியில் வரும் நண்பரைப் புகை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த மிதியில் மட்டும் குப்பென்று நீலப்புகை வந்து அடங்கினால், அல்லது காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்தால், வால்வ் ஸ்டெம் சீல், அதாவது வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர், கெட்டிப்பட்டிருக்கிறது. இது சின்ன வேலை. சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிக்கொண்டால் ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்றலாம். ஏற்றத்தில் மிதிக்கிற நேரமெல்லாம் புகை விடாமல் வந்தால் சந்தேகம் பிஸ்டன் ரிங் மேல்.

அடுத்தது கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்ப்பது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், பெட்ரோலும் இக்னிஷனும் துண்டித்திருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் தரையோடு மிதித்திருக்க வேண்டும். கடைசியானதை மறந்துவிட்டு டெஸ்ட் செய்து, “கம்ப்ரெஷனே இல்லை சார், போரிங் பண்ணணும்” என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். திராட்டில் மூடியிருந்தால் காற்று உள்ளே போகாது, எந்த நல்ல இன்ஜினும் குறைத்துத்தான் காட்டும். இந்தக் குடும்ப ஹோண்டா இன்ஜின்களில் 135 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே எந்தச் சிலிண்டரும் போகக் கூடாது. அதிகமான சிலிண்டருக்கும் குறைவானதற்கும் வித்தியாசம் 28-ஐத் தாண்டக் கூடாது. ஒன்று மட்டும் குறைந்தால் அதற்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ்.

இழுவை குறைந்ததற்குக் காரணம் இன்ஜினுக்கு வெளியேயும் இருக்கலாம். விடெக் என்பது அதிக வேகத்தில் வால்வை அதிகம் திறக்க ஹோண்டா செய்த ஏற்பாடு, ஆயில் அழுத்தத்தால் வேலை செய்வது. அந்த அழுத்தம்தான் ராக்கருக்குள் இருக்கும் சின்ன பின்னைத் தள்ளி, அதிக ஆர்.பி.எம்.மில் பெரிய கேமுக்கு மாற்றுகிறது. ஆயில் டிப்ஸ்டிக்கின் அடிக்கோட்டுக்கும் கீழே போயிருந்தாலோ, அந்த ஆயிலைத் திறந்துவிடும் சோலினாய்டு அடியில் உள்ள வலை அடைத்திருந்தாலோ அந்த மாற்றம் நடக்காது. இருபது வருட ஆயில் கசடு அந்த வலையில் கறுப்பு மெழுகு மாதிரி ஒட்டியிருக்கும். கேஸ்கெட்டோடு சேர்த்து மாற்றினால் சில நூறு ரூபாய் வேலை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஆயில் நனைந்திருந்தால் ஓ-ரிங் போய்விட்டது. வண்டி வெயிலில் நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகாமல் அரை மணி கழித்து ஆகிறது என்றால் ஃப்யூவல் பம்புக்குக் கரன்ட் கொடுக்கும் மெயின் ரிலேயில் ஈயப்பற்று வெடித்திருக்கும். இதை ஃப்யூவல் பம்ப் என்று சொல்லிப் பம்பை மாற்றி பில் போடுவது ஊரறிந்த ரகசியம். டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அது அறுந்தால் வால்வ் பிஸ்டனில் இடித்து வளையும். ஐந்து வருடமோ ஒரு லட்சம் கிலோமீட்டரோ எது முதலில் வருகிறதோ அதற்குள் மாற்றியிருக்க வேண்டும். மாற்றிய பில்லை எடுத்து வையுங்கள், வாங்க வருகிறவர் கேட்கும் முதல் மூன்று கேள்விகளில் அது ஒன்று.

ரிங்தான் போயிருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் பிளாக்கையே 0.25 மி.மீ. ஓவர்சைஸ் போரிங் செய்து, அதாவது சிலிண்டரைக் கொஞ்சம் அகலப்படுத்தி, கட்டுங்கள். இன்ஜின் நம்பர் மாறாது. கொள்ளளவு 1493-லிருந்து 1503 சி.சி. ஆகும், பத்து சி.சி.யில் யாருக்கும் இறக்கை முளைக்காது. இது ரிப்பேர் கணக்கில் வரும். இதற்கு மேல் ஹெடர், இன்டேக் என்று ஏதாவது போட்டிருந்தால் விற்கும் முன் கழற்றிப் பழையதையே மாட்டுங்கள். கழற்றிய பாகத்தைத் தனியாக விற்றால்தான் காசு. இந்த வண்டியைத் தேடி வருகிறவர்களுக்கு வேண்டியது யாரும் கை வைக்காத ஒரிஜினல். பெயின்ட்டும் அப்படித்தான். பட்டி பார்த்துப் பளபளவென்று ஆக்கிய கதவைவிட, கீறலோடு இருக்கும் கம்பெனி பெயின்ட்டுக்கு மதிப்பு அதிகம்.

இப்போது அந்தப் புரோக்கர். பேர் மாற்ற வேண்டியது ஃபார்ம் 29 இரண்டு பிரதி, ஃபார்ம் 30 ஒன்று. வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பதற்கு மார்க்கெட்டில் ‘ஓப்பன்’ என்று பெயர். ஓப்பன் கொடுத்த வண்டி நான்கு கை மாறும், ஆர்.சி.யில் உங்கள் பெயரே இருக்கும். 2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது இதே மாதிரி ஒரு வழக்குதான். வண்டி வரிசையாகப் பலருக்கு விற்கப்பட்டுவிட்டது, பேர் மட்டும் மாறவில்லை. விபத்து நடந்தது. ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் ஓனர், நஷ்டஈடு அவர் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. பணம் வாங்கியாயிற்று, சாவி கொடுத்தாயிற்று என்பதெல்லாம் அங்கே செல்லவில்லை.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அங்கீகாரம் உள்ளவரிடம் ஃபார்ம் 29பி சான்றிதழ் இருக்கும். அவரிடம் வண்டியைக் கொடுக்கும்போது ஃபார்ம் 29சி-யை ஆன்லைனில் பதிந்துவிட்டால், அன்று முதல் பொறுப்பு அவருடையது. நல்ல விதி. உங்கள் புரோக்கரிடம் 29பி கேட்டுப் பாருங்கள், “அதெல்லாம் எதுக்கு சார், நமக்குள்ள” என்பார். விதியைப் போட்டவர்கள் அதை மார்க்கெட்டில் யாராவது பின்பற்றுகிறார்களா என்று ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம்.

பாலக்காட்டு பார்ட்டி உண்மையாக இருந்தால், நேரில் வரச் சொல்லுங்கள். கேரளாவுக்குப் போக ஃபார்ம் 28-ல் தடையில்லாச் சான்று வேண்டும். சான்று வந்ததும் வண்டி போய்விட்டதாக நினைக்காதீர்கள். அங்கே வரி கட்டிப் பதியும் வரை ஓனர் நீங்களேதான். சான்றைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவதுதான் வழக்கமான தில்லுமுல்லு. டெபாசிட் என்று ஒரு தொகையை வாங்குபவரிடமிருந்து பிடித்து வைத்து, புது ஆர்.சி. வந்ததும் திருப்பிக் கொடுப்பது நல்ல பழக்கம். தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் தகவல் தர வேண்டும், வாங்குபவருக்கு 30 நாள். அவர் செய்வார் என்று காத்திருக்காமல் இரண்டு பேரும் ஒன்றாகவே ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். 2002-ல் கொடுத்த செல்போன் நம்பர் இப்போது உங்களிடம் இருக்காது, ஓ.டி.பி. அதற்குத்தான் போகும், முதலில் அதை மாற்றுங்கள். அந்த நம்பரை மாற்றவே ஆபீசுக்கு இரண்டு நடை நடக்க வேண்டியிருக்கும். ஆன்லைன் வசதி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

லோன் போட்டு வாங்கியிருந்தால், கட்டி முடித்திருந்தாலும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். ஃபார்ம் 35-ம் பேங்க் கடிதமும் இல்லாமல் அது போகாது. பாக்கி அபராதங்களைக் கட்டிவிடுங்கள். சாவி கொடுக்கும்போது தேதியும் மணி நிமிடமும் எழுதிய டெலிவரி நோட்டில் வாங்குபவரின் கையெழுத்து, அடையாள அட்டை நகல், ஓடோமீட்டர் போட்டோ. ஃபாஸ்டாகைக் கண்ணாடியிலிருந்து கிழித்துவிட்டு கணக்கையும் மூடுங்கள், இல்லையென்றால் வாளையார் டோல் உங்கள் அக்கவுன்ட்டில் விழும்.

விலை பேசும்போது 2027 விஷயம் வரும். இருபது வருடம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025-ல் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. ஆர்.சி. முடிவதற்கு முந்தைய 60 நாளில்தான் புதுப்பிக்கும் ஃபார்ம் 25 கொடுக்க முடியும், அதற்கு முன்னால் முடியாது. அதற்குள் விற்பதென்றால் அந்தப் பத்தாயிரத்தை விலையில் கழித்துக்கொள்ளச் சம்மதியுங்கள், அதற்கு மேல் கழிக்க விடாதீர்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியை வாங்குபவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் மட்டும் உங்களுடையது, வண்டியோடு போகாது. கம்பெனியிடம் அதற்கான கடிதம் கேட்டு வாங்கி வையுங்கள், அடுத்த வண்டிக்கு உதவும்.