பலகையை அப்படியே விற்பதா, இழைத்து விற்பதா?

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து மரம் அறுக்கும் மில் நடத்துகிறோம். அறுத்த பச்சைப் பலகையை அப்படியே விற்றுவிடுகிறோம், ஒன்று 70 போகிறது (கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று வெறும் எண்ணாகவே தருகிறேன்). உலர்த்தி, இழைத்துக் கொடுத்தால் 105 கிடைக்கும், அதற்கு 30 செலவாகும். செய்யலாம் என்கிறார் நண்பர். எங்கள் கணக்கரோ, "பலகையின் அடக்கமே 80, மேலே 30 போட்டால் 110, அதை 105க்கு விற்றால் நஷ்டம்தானே?" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: நீங்கள் தந்த எண்களை வைத்துச் சொன்னால், நண்பர் பேச்சைத்தான். கணக்கரின் கூட்டலில் தப்பில்லை, அந்த 80ஐ இந்தக் கேள்விக்குள் இழுத்து வந்ததுதான் கோளாறு. மரத்தை வாங்கி அறுத்தாயிற்று, இனி பலகையை என்ன செய்தாலும் அந்தப் பணம் போனது போனதுதான். அப்படியே விற்றால் நஷ்டம் 10, இழைத்து விற்றால் 5. அதாவது எதை நஷ்டம் என்று அவர் தடுக்கிறாரோ அதுதான் நஷ்டத்தைப் பாதியாக்குகிறது! கூடுதலாக வருவது 35, கூடுதலாகப் போவது 30. இந்த இரண்டு எண் போதும்.

அந்த 80 எப்படி வந்தது என்றும் அவரிடம் கேளுங்கள். ஒரே தடியிலிருந்து நல்ல பலகை, துண்டுப் பலகை, ஓரக்கட்டை, மரத்தூள் எல்லாம் வருகின்றன. தடியின் விலையை இவற்றுக்குள் கன அளவை வைத்துப் பிரித்தால் ஒரு அடக்கம், விற்பனை மதிப்பை வைத்துப் பிரித்தால் வேறொரு அடக்கம். தடி வாங்குவதே கட்டுபடியாகிறதா என்பது தனிக் கேள்வி, அதற்கு அந்தத் தடியில் கிடைக்கும் எல்லாவற்றின் வரவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, அதற்காக நாளைக்கே இழைப்பு மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு உறுத்துவது சேதாரம், ஏனென்றால் உங்கள் கணக்கில் அதற்கு இடமே இல்லை. பச்சை மரம் உலரும்போது மேல்பக்கம் முந்திக்கொண்டு காயும், உள்பக்கம் ஈரமாகவே இருக்கும், அந்த இழுபறியில் முனைகள் வெடிக்கும், பலகை நெளியும். மரத்தின் வளர்ச்சி வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால் ஒழுங்காக அறுத்த பலகைகூடக் கோணிக்கொள்ளும். இப்போது 100 பலகை உலர்த்துகிறீர்கள் என்று வையுங்கள். பச்சையாக விற்றால் வந்திருக்கக்கூடிய 7000, செலவு 3000, ஆக 10000 வந்தால்தான் சமம். நான்கு பலகை வீணானால் 96 பலகைக்கு 10080 வரும், 80 மிஞ்சும். ஐந்தாவதும் வீணானால் 9975, கையிலிருந்து 25 போய்விடும். வீணானதும் ஏதோ ஒரு விலைக்குப் போகும்தான், ஆனாலும் உங்களுக்கு இருக்கும் இடைவெளி அவ்வளவு மெல்லியது. அதிலும் கன அளவு பார்த்து விற்பவர் என்றால், சுருங்கியதும் இழைப்பில் சீவிப் போனதும் அளவில் குறைந்துவிடும், அந்த 105 சுருங்கிய அளவுக்கா, பச்சை அளவுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த 30. மேற்பார்வையாளர் சம்பளம், இட வாடகை போன்ற, இழைத்தாலும் இழைக்காவிட்டாலும் கொடுக்கும் செலவில் ஒரு பங்கை அதில் ஏற்றியிருந்தால் கழித்துவிடுங்கள். மாறாக, உலரும் வரை முடங்கும் பணத்துக்கான வட்டியை விட்டிருந்தால் சேருங்கள். காற்றில் உலர்த்துவதாக இருந்தால் மாதக்கணக்கில் முடங்கும், சூளையில் உலர்த்தினால் நாட்கள் குறையும், எரிபொருள் செலவு கூடும்.

மெஷின் வாங்குமுன் ஒரு லோடு பலகையை வெளியே கூலிக்குக் கொடுத்து உலர்த்தி இழைத்துப் பாருங்கள். போனது எத்தனை, தேறியது எத்தனை, அதில் எத்தனை நிஜமாகவே 105க்கு விற்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த லோடு விற்று முடிகிறவரை பச்சைப் பலகை வாங்கும் வழக்கமான ஆட்களை விட்டுவிடாதீர்கள்.