இருபதாவது நிமிடத்தில் கிடைக்கும் போன்

கேள்வி: மகனுக்கு நாலு வயது. சாப்பிட உட்கார்ந்தாலே போன் கேட்கிறான். மறுத்தால் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்துகிறான். சில நாள் தாக்குப்பிடிக்கிறேன். பல நாள் இருபது நிமிடம் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன். மாமியார் உடனே கொடுத்துவிடுவார். திட்டியும் பார்த்தாயிற்று. என்ன செய்வது?

பதில்: அந்த இருபது நிமிடத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஐந்து நிமிட அழுகைக்குக் கிடைக்காத போன் இருபது நிமிட அழுகைக்குக் கிடைக்கிறது. அதுவும் எல்லா நாளும் இல்லை. ‘இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்கும்’ என்று நீங்களே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது போல ஆகிவிட்டது.

பி.எட். படித்தவர்களுக்கு உளவியலாளர் ஸ்கின்னர் சோதனைக்கு வைத்திருந்த எலி ஞாபகம் இருக்கும். நெம்புகோலை அழுத்தினால் தீனி உருண்டை விழும். அந்த உருண்டைகளை அவரே செய்தாக வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் எண்ணிப் பார்த்தால், இருப்பு திங்கட்கிழமை காலையில் தீர்ந்துவிடும் போலிருந்தது. சரி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேண்டாம், நிமிடத்துக்கு ஒன்று போதும் என்று மாற்றினார். எலி சளைக்காமல் அழுத்திக்கொண்டிருந்தது. இப்படி எப்போதாவது தீனி கிடைத்துப் பழகிய எலி, தீனியை அடியோடு நிறுத்திய பிறகும் சீக்கிரம் விடுவதில்லை. லாட்டரிச் சீட்டு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. போனைக் கொடுத்ததும் வீடு அமைதியாகிறது, உங்களுக்கு அப்பாடா என்றிருக்கிறது. அந்த நிம்மதிதான் மறுநாளும் உங்களைக் கொடுக்க வைக்கிறது. எதிர்மறை வலுவூட்டல் என்பது இதுதான். பலர் இதைத் தண்டனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். தொல்லை நீங்குவதே பரிசாகிவிடுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆக, பையனும் உங்களைப் பழக்கிக்கொண்டிருக்கிறான்!

1959-இல் சி. டி. வில்லியம்ஸ் எழுதிய ஒரு சிறு கட்டுரை உங்கள் வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும். 21 மாதக் குழந்தை, பெரியவர்கள் அறையை விட்டு நகர்ந்தால் கத்தும். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, படுக்க வைத்ததும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். முதல் முறை 45 நிமிடம் அழுதது. பத்தாவது முறை சிரித்தபடி படுத்தது. ஒரு வாரம் கழித்து, படுக்க வைத்த அத்தை (சித்தியாகவும் இருக்கலாம், ஆங்கிலத்தில் ஒரே சொல்தானே) அழுகை கேட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து!

அதனால் முதலில் மாமியாரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் சம்மதிக்காத வரை ஆரம்பிக்காதீர்கள். பாதியில் விடுவது ஆரம்பிக்காததைவிட மோசம். ஆரம்பித்தால், முதல் சில நாள் அழுகை கூடும், தட்டு பறக்கலாம். பரிசு நின்றதும் பழைய வித்தையை இன்னும் பலமாகக் காட்டிப் பார்ப்பது இயல்பு. திட்டாதீர்கள். நாலு வயதுக்குத் திட்டும் ஒரு கவனிப்புதான். கத்தும்போது பக்கத்திலேயே இருங்கள், பேச்சுக் கொடுக்க வேண்டாம். ஒரு வாய் தானாகச் சாப்பிட்டால் உடனே அவன் பக்கம் திரும்பிப் பேசுங்கள். பாட்டி கதை சொல்வதும் அந்த நேரத்தில் வரட்டும், அழுகையை நிறுத்துவதற்காக வேண்டாம்.

விருந்தாளி வந்திருக்கும் நாளில் தாங்க முடியாது என்று தோன்றினால், அவன் அழத் தொடங்குமுன்பே கொடுத்துவிடுங்கள். தலையை முட்டிக்கொள்கிறான், பேச்சு தாமதம், எடை குறைகிறது என்றால் இதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.