ஏஸ்-ஜாக் வந்திருக்கிறது, சரி. உங்கள் முறை எப்போது?

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் சனிக்கிழமைகளில் காசில்லாமல், காயின்களை மட்டும் வைத்து டெக்சஸ் ஹோல்டெம் போக்கர் ஆடுகிறோம். ஏஸ்-ஜாக் வந்தால் நான் விடுவதே இல்லை. ஆனால் அதிகம் தோற்பதும் அந்தச் சீட்டில்தான். ‘நீ உட்கார்ந்த இடம் அப்படி’ என்கிறார்கள். சீட்டு நன்றாக இருந்தால் எங்கே உட்கார்ந்தால் என்ன? கடைசி இடத்தில் இருந்தால் எதையும் ஆடலாம் என்கிறார்களே, அதுவும் சரிதானா?

பதில்: முதல் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் பக்கம்தான் நான். இரண்டாவதற்குப் பிறகு வருகிறேன்.

இடம் என்று அவர்கள் சொல்வது பேசும் வரிசையை, அதாவது காயின் போடுவதா விலகுவதா என்று யார் எப்போது சொல்வது என்பதை. பட்டன் (சீட்டுப் போடுபவரைக் குறிக்கும் வில்லை) யார் முன்னால் இருக்கிறதோ, அவர் பிளாப் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) விழுந்த பிறகு எல்லாச் சுற்றிலும் கடைசியாகப் பேசுவார். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பட்டன் இடப்பக்கம் ஒரு ஆள் நகர்ந்துவிடும். ஆக, நல்ல இடமும் மோசமான இடமும் எட்டுப் பேருக்கும் சமமாகத்தான் வருகின்றன.

உங்கள் ஏஸ்-ஜாக்கையே எடுத்துக்கொள்வோம். பட்டனுக்கு இடப்பக்கம் இருக்கும் இருவர் முன்கூட்டியே கட்ட வேண்டிய பிளைண்ட் 5 (ஸ்மால்), 10 (பிக்). பிக் பிளைண்டுக்கு அடுத்து நீங்கள். முதலில் பேச வேண்டியவர். 30-க்கு ஏற்றுகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர் பேசவில்லை. ஜோடி ஏஸ், கிங், குயின், ஜாக், அப்புறம் ஏஸ்-கிங், ஏஸ்-குயின்: உங்களை நன்றாக அமுக்கக்கூடிய கைகள் இவை. உங்கள் இரண்டு சீட்டைக் கழித்துவிட்டால் ஒருவர் கையில் வரக்கூடிய 1,225 சேர்க்கைகளில் இவை 42. ஒருவரிடம் இருக்கும் வாய்ப்பு மூன்றரை சதவீதம்கூட இல்லை. ஆனால் ஏழு பேரில் யாரோ ஒருவரிடம் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 22 சதவீதம். அதே ஏஸ்-ஜாக் உங்களுக்குப் பட்டனில் வந்து, முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார்கள் என்றால், மீதி இரண்டு பிளைண்ட்காரர்கள்தான். வாய்ப்பு 7 சதவீதத்துக்குப் பக்கம்.

அந்த 22 சதவீதத்தில் மாட்டினால் அடி பலமாக விழும். ஏஸ்-கிங்கும் ஏஸ்-ஜாக்கும் மோதினால் நான்கில் மூன்று தடவை கிங் வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார். அதிலும் பிளாப்பில் ஒரு ஏஸ் விழுந்தால் இருவருமே விட மாட்டீர்கள். உங்கள் காயின் மொத்தமாகப் போகும் ஆட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இது பிளாப்புக்கு முன்னால். பிறகுதான் விஷயம் முற்றுகிறது. உங்கள் 30-ஐப் பட்டன்காரர் கால் செய்கிறார் (அதே அளவு போடுகிறார்), மற்றவர்கள் விலகுகிறார்கள். பாட், அதாவது நடுவில் சேர்ந்த காயின், 75. பிளாப்பில் இஸ்பேட் ஏஸ், ஆட்டின் ஒன்பது, கிளாவர் ஐந்து. நீங்கள் 50 போடுகிறீர்கள், அவர் மறுபடி கால். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) ஒன்றுக்கும் உதவாத ஒரு இரண்டு. இப்போது என்ன செய்வீர்கள்? போட்டால் பாட் பெருகும், அவரிடம் ஏஸ்-குயின் இருந்தால் நீங்களே அவருக்குக் காயின் எண்ணிக் கொடுக்கிறீர்கள். எதுவும் போடாமல் செக் சொன்னால் அவர் 120 போடுவார். பொய்யா நிஜமா என்று தெரியாது. இடத்தை மாற்றிப் பாருங்கள். அவர் முதலில் செக் சொல்கிறார். நீங்களும் செக் சொல்லி ரிவர் என்ற கடைசிப் பொதுச் சீட்டை ஓசியில் பார்க்கலாம். பாட் சின்னதாகவே இருக்கும். ரிவரில் அவர் மறுபடி செக் என்றால், உங்கள் ஏஸ்தான் பெரிது என்ற தைரியத்தில் அளவாகப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். கையில் அதே இரண்டு சீட்டுதான்.

சீட்டு சேராதபோதும் கடைசியில் பேசுபவருக்குத்தான் லாபம். ஜோடியில்லாத இரண்டு சீட்டுக்குப் பிளாப்பில் மூன்றில் இரண்டு தடவை ஒன்றுமே சேராது. நீங்கள் பட்டனிலிருந்து 30-க்கு ஏற்றி, பிக் பிளைண்ட்காரர் மட்டும் வந்தால் பாட்டில் 65. அவர் செக் சொன்னதும் நீங்கள் 30 போட்டால், மூன்றில் ஒரு தடவை அவர் கவிழ்த்தாலே நட்டமில்லை.

நார்வேக்காரரான அன்னெட் ஒப்ரெஸ்டாட் 2007-ல் இதை ஒரு எல்லைக்கே கொண்டுபோனார். இணையத்தில் 180 பேர் ஆடிய ஒரு சின்னப் போட்டியில், ஒரே ஒரு தடவை தவிரத் தன் சீட்டைப் பார்க்காமலே ஆடி ஜெயித்ததாகச் சொன்னார். இடமும், எதிராளிகளைக் கவனிப்பதும் எவ்வளவு முக்கியம் என்று காட்டத்தான் அப்படிச் செய்தாராம். அதே ஆண்டு செப்டம்பரில், 19 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, லண்டனில் உலக போக்கர் தொடர் முதல் தடவையாக ஐரோப்பாவில் நடந்தபோது அதன் முக்கியப் போட்டிப் பட்டத்தையும் வாங்கினார். உங்கள் சனிக்கிழமை ஆட்டத்தில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ஸ்மால் பிளைண்ட்தான் இருப்பதிலேயே மோசம். பாதி கட்டியாயிற்றே என்ற நப்பாசையில் உள்ளே போவோம். பிளாப்புக்குப் பிறகு முதலில் பேச வேண்டிய ஆளும் நாம்தான். பிக் பிளைண்டுக்காவது தள்ளுபடி உண்டு: ஒருவர் 25-க்கு ஏற்றி மற்றவர்கள் விலகினால், 40 இருக்கும் பாட்டுக்கு நீங்கள் 15 போட்டால் போதும். நல்ல ஆட்டக்காரர்களுக்கும் இந்த இரண்டு இடங்களும் நீண்ட நாளில் நட்டக் கணக்குதான். குறைவாக இழந்தால் சரி.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். எட்டுப் பேர் இருக்கும்போது முதல் இரண்டு இடங்களில் வேறு வேறு சின்னத்தில் ஏஸ்-ஜாக் வந்தால் கவிழ்த்துவிடுங்கள். ஒரே சின்னமென்றால் ஏற்றலாம். பட்டனிலும் அதற்கு முந்தைய இடத்திலும் முன்னால் யாரும் வரவில்லையென்றால் யோசிக்காமல் ஏற்றுங்கள். ஜோடி ஏஸுக்கும் கிங்குக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. கையில் 100 காயின்தான் மிச்சம் என்ற நிலையிலும் இடத்தின் மதிப்பு குறைந்துவிடும். மொத்தத்தையும் தள்ளிவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது? இன்னொன்று: கண்டபடி ஏற்றும் நண்பர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவருக்கு இடப்பக்கத்து நாற்காலியைப் பிடியுங்கள். பெரும்பாலும் அவர் பேசிய பிறகே உங்கள் முறை வரும்.

கடைசி இடத்தில் எதையும் ஆடலாமா? பிளைண்டில் இருப்பவர்கள் பயந்து கவிழ்க்கும் ஆட்களாக இருந்தால் கிங்-எட்டு மாதிரி சுமார் சீட்டையும் ஏற்றிப் பார்க்கலாம். வீட்டு ஆட்டங்களில் அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். ‘என்னதான் வெச்சிருக்கே, பார்ப்போம்’ என்று கால் செய்பவர்களே அதிகம். அவர்களிடம் பட்டனிலிருந்தும் பொய் எடுபடாது, உருப்படியான சீட்டோடு மட்டும் போங்கள்.