முற்றிய புற்றுநோயில் இருக்கும் அம்மாவை வலி தணிப்பு இல்லத்தில் சேர்ப்பது அவரைக் கைவிடுவதாகுமா?

இனிக் கீமோ பயன் தராது என்று சொன்ன மருத்துவர் வலி தணிப்பு இல்லம் ஒன்றைப் பரிந்துரைத்ததாகவும், உறவினர்கள் 'பெற்ற தாயைச் சாகக் கொண்டுபோய் விடுவதா' என்று கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் அப்பாவின் விஷயத்தில் நானும் அக்காவும் இதே கேள்வியை மூன்று வாரங்கள் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். என் பதில், கைவிடுவதாகாது என்பதே. எங்களைப் பொறுத்தவரை, அந்த மூன்று வாரத் தாமதத்தில்தான் அப்பாவைக் கைவிட்டிருந்தோம்.

அப்பாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். நாற்பது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மென்றவர். அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து ஓராண்டுக்குள் கட்டி திரும்பி வந்து, கன்னத்தைத் துளைத்து வெளியே புண்ணாகிவிட்டது. வாயைத் திறக்க முடியாததால் மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். அதுவரை பார்த்துவந்த மருத்துவமனையில், "இனிமே செய்றதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நோயைக் குணமாக்க ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் வலிக்கும் புண்ணுக்கும் தூக்கமின்மைக்கும் செய்ய வேண்டியது அத்தனையும் மிச்சமிருந்தது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டில் வலியைவிடவும் அப்பாவை ஒடுக்கியது புண்ணின் நாற்றம். ஊதுவத்தி, சாம்பிராணி எல்லாம் கொளுத்திப் பார்த்தோம். அக்காவின் மகன் அறை வாசலிலேயே நின்றுவிடுவான். அதைக் கவனித்துவிட்ட அப்பா, யார் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினார். நாங்கள் குடியிருந்தது இரண்டாம் மாடியில் வாடகை வீடு. அங்கே ஒரு சாவு நேர்ந்துவிட்டால் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்ற பயமும் எங்களுக்குள் இருந்தது. இதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும்.

கடைசியில் அக்காதான் முடிவெடுத்தாள். இல்லத்தில் சேர்த்த அன்றே செவிலியர் புண்ணை உப்புநீரால் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை நன்றாகப் பொடித்து அதன்மேல் தூவிக் கட்டுப்போட்டார். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிறார்களே, அதே மலிவான மாத்திரைதான். அழுகலை உண்டாக்கும் கிருமிகளை அது கொல்வதால், நான்காம் நாள் நாற்றம் பெருமளவு அடங்கியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகன் தாத்தாவின் கட்டிலிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினான். இரத்தம் கசியக்கூடிய புண் என்பதால் கருஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு துண்டுகள் வாங்கிவரச் சொன்னார்கள். வெள்ளைத் துணியில் இரத்தத்தைக் கண்டால் நோயாளி பயந்துவிடுவார் என்பதை நாங்களாக யோசித்திருக்கவே மாட்டோம்.

கடும் வலிக்குக் கொடுக்கும் அபின் வகை மருந்தான மார்ஃபின் என்றதும் நாங்கள் நடுங்கியது உண்மை. போதைக்கு அடிமையாகிவிடுவார், மூச்சு நின்றுவிடும் என்றெல்லாம் சித்தப்பா சொன்னார். புற்றுநோய் வலிக்கு, பயிற்சி பெற்ற மருத்துவர் சிறிய அளவில் தொடங்கி, வலி அடங்கும் அளவுக்குப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும்போது அந்த ஆபத்துகள் மிகவும் குறைவு என்று அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாத்திரையைக் கரைத்துக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அப்பா விடிய விடியத் தூங்கினார். தெருமுனை மருந்துக் கடையில் மார்ஃபின் கிடைக்காது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது; 2014இல் திருத்தம் வந்த பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வைத்திருப்பது எளிதானது. ஆகவே ஓர் இல்லத்தைப் பார்க்கப் போகும்போது, கட்டடம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, வாய்வழி மார்ஃபின் இருப்பில் உள்ளதா, இரவில் வலி வந்தால் யார் கொடுப்பார்கள் என்று கேளுங்கள்.

இது கருணைக் கொலையா என்றும் சித்தப்பா கேட்டார். இல்லை. சாவை விரைவுபடுத்த அங்கே யாரும் எதுவும் செய்வதில்லை. வேண்டாத சிகிச்சையை மறுக்கும் உரிமையும், அதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையும் நோயாளிக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நடைமுறையை 2023இல் எளிதாக்கியது. அது தனி விஷயம். இன்னொரு சச்சரவு உணவைப் பற்றி வந்தது. கடைசி நாட்களில் கஞ்சியின் அளவைக் குறைத்தபோது, பட்டினி போடுகிறார்கள் என்று அக்கா அழுதாள். அடங்கிக்கொண்டிருக்கும் உடல் உணவை ஏற்பதில்லை, திணித்தால் வயிறு உப்பி மூச்சுதான் முட்டும் என்று சொல்லி, ஈரப்பஞ்சால் உதட்டை நனைக்கும் வேலையை அவளிடமே கொடுத்தார்கள். அதன் பிறகு அவள் அழவில்லை.

இல்லத்துக்குப் போவது ஒன்றுதான் வழி என்றும் நான் சொல்லமாட்டேன். சொந்த வீடும், பகலில் உடனிருக்க ஒருவரும் இருந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அண்டை மாநிலமான கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இந்தச் சேவை இன்று பெரும்பாலும் வீடுகளில்தான் நடக்கிறது. சென்னையில் மாத்தூர் ஜீவோதயா போல நெடுங்காலமாக நடந்துவரும் இல்லங்களும் இருக்கின்றன. பத்து நாள் இல்லத்தில் இருந்து வலியைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு வீடு திரும்புபவர்களையும் பார்த்தேன். ஒருமுறை சேர்த்தால் திரும்ப முடியாது என்று எண்ணவேண்டாம்.

உறவினர்களைக் கேட்டுவிட்டீர்கள், உங்கள் அம்மாவைக் கேட்டீர்களா என்பது உங்கள் கேள்வியில் இல்லை. நாங்கள் அப்பாவிடம் எல்லாவற்றையும் மறைத்தோம். 'புண் ஆறும் வரை ஒரு நல்ல ஆஸ்பத்திரி' என்று சொல்லித்தான் அழைத்துப் போனோம். இரண்டாம் வாரம், பேச முடியாத அவர், பேரனின் நோட்டை வாங்கி அதில் இரண்டு வரி எழுதிக் காட்டினார்: "எனக்கு முன்னாடியே தெரியும். இந்த மாச வாடகை கட்டியாச்சா?"