பக்கத்தைத் தேடவே மூன்று நொடியா?

கேள்வி: நானே பிஎச்பி (நிரல் மொழி), மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்) வைத்து எழுதிய சிஎம்எஸ்ஸில் (பக்கங்களை நிர்வகிக்கும் மென்பொருள்) எங்கள் ஊர்ச் செய்தித் தளம் ஓடுகிறது. பக்கங்கள் 60,000-ஐத் தாண்டியதிலிருந்து, கூட்டம் வரும் நேரத்தில் ஒரு பக்கம் திறக்க மூன்று நொடி ஆகிறது. பக்கத்தைத் தேடும் க்வெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) இணைத்திருக்கிறேன். பெரிய சர்வர் வாங்கட்டுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம், காசைப் பத்திரமாக வைத்திருங்கள். ‘செய்திகள்/ஈரோடு/மஞ்சள்-விலை’ என்று ஒரு முகவரி வந்தால் உங்கள் க்வெரி முதலில் ‘செய்திகள்’, அப்புறம் அதன் கீழே ‘ஈரோடு’, அப்புறம் அதற்கும் கீழே என்று மூன்று முறை டேபிளுக்குப் போய் வருகிறது. ஒவ்வொரு முறையும் ஸ்லக்கை (முகவரியில் வரும் பெயர்த் துண்டு), சிறிய எழுத்தாக்கும் லோயர் ஃபங்ஷனுக்குள் வேறு போட்டிருக்கிறீர்கள். அப்படிப் போட்டால் ஸ்லக்குக்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இருந்தும் இல்லாத மாதிரிதான், மைஎஸ்க்யூஎல் எல்லா வரிகளையும் படிக்கும். க்வெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெயின் (அது எப்படித் தேடுகிறது என்று காட்டும் கட்டளை) போட்டு ஓட்டுங்கள், டைப்பில் ‘ஆல்’ (எல்லா வரிகளும்) என்று காட்டும்.

பக்கத்தைச் சேமிக்கும்போதே முழுப் பாதையையும் ஒரு ஃபீல்டில் எழுதுங்கள். அதன் எம்டி5-ஐ (எவ்வளவு நீளமான எழுத்தையும் 16 பைட்டாகச் சுருக்கும் குறியீடு) பைனரி(16) ஃபீல்டில் போட்டு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பை இரண்டு முறை ஏற்காத இண்டெக்ஸ்) கொடுங்கள். முகவரி வந்ததும் எம்டி5 எடுத்து ஒரே க்வெரியில் பக்கத்தைப் பிடித்துவிடலாம். மேல் பிரிவின் பெயரை மாற்றினால் கீழே உள்ள பாதைகளையெல்லாம் (பாதியில் நின்றுபோகாதபடி) ஒரே டிரான்ஸாக்‌ஷனில் திருத்தி, பழையவற்றை 301 ரீடைரக்டுக்கென்று (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்புவது) தனி டேபிளில் வையுங்கள். பெயர் மாற்றுவது என்றைக்கோ ஒருநாள், பக்கம் திறப்பதோ ஓயாமல் நடப்பது.

தமிழ் முகவரி என்பதால் இன்னொன்றும் உண்டு, இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிரவுசர் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் சதவீதக் குறி போட்டு ஒன்பது எழுத்தாக்கி அனுப்பும், ‘தமிழ்’ என்ற சொல்லே (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி) 45 எழுத்து. (வேர்ட்பிரஸ் இந்த வடிவத்திலேயே 200 எழுத்துக்குள் சேமிப்பதால்தான் அதில் நீளமான தமிழ் முகவரிகள் பாதியில் அறுந்துபோகின்றன.) அதனால் முதலில் டீகோட் செய்யுங்கள் (மறுபடி தமிழாக்குங்கள்). அடுத்து, ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், எகரக் குறியும் காலுமாகப் பிரித்தும் தட்டலாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் எம்டி5 வேறாகிவிடும். பிஎச்பியின் நார்மலைசரில் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) கொண்டுவந்து, கடைசி சாய்கோட்டையும் வெட்டிவிட்டு அப்புறம் எம்டி5 எடுங்கள், சேமிக்கும்போதும் சரி, தேடும்போதும் சரி.

யூனிக் இண்டெக்ஸ் போடும் முன் ஒரே பாதையில் இரண்டு பக்கம் இருக்கிறதா என்று குரூப் பை (ஒரே மாதிரி வரிகளைத் தொகுக்கும் கட்டளை) போட்டுப் பார்த்துவிடுங்கள். இருந்தால் இண்டெக்ஸ் ஏறாது.