கேமராவில் முழங்கால் மடக்கை அளப்பது: கேள்வி பதில்

கே: உடம்பில் எதையும் ஒட்டாமல் கேமரா எப்படி மூட்டைக் கண்டுபிடிக்கிறது?

ப: கண்டுபிடிப்பதில்லை, ஊகிக்கிறது. மூட்டுகளை மனிதர்கள் குறித்துக்கொடுத்த ஏராளமான படங்களில் பழகிய மென்பொருள் அது. கூகுளின் மீடியாபைப் மென்பொருள் என்றால் ஆளுக்கு 33 புள்ளி வைக்கும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் கோடிட்டால் கோணம் வந்துவிடும். தொளதொள பேன்ட் போட்டால் இடுப்புப் புள்ளி அலையும்.

கே: போனை எங்கே வைக்கணும்?

ப: பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில், காலுக்கு நேர் செங்குத்தாக. கோணலாக வைத்தால் அளவு தப்பும்.

கே: சும்மா பயமுறுத்துறீங்க சார். போனைக் கோணலா வச்சு, நாற்காலியில உட்கார்ந்து மடக்கிப் பார்த்தேன். 90-ன்னு சரியாத்தான் காட்டுது. காலை முழுசா நீட்டினா 0.

ப: காட்டும். நீங்கள் சோதித்த இரண்டு இடத்திலும் பிழை ஒளிந்துகொள்ளும். போன் 30 டிகிரி திரும்பியிருந்தால் படத்தில் காலின் அகலம் குறுகும், உயரம் குறுகாது. 90-இல் கணுக்கால் முழங்காலுக்கு நேர் கீழே. கெண்டைக்கால் பக்கம் குறுக அகலமே இல்லை. முழுக்க நீட்டினால் உயரமே இல்லை. நடுவில் 45-இல் நிறுத்திப் பாருங்கள், 49 என்று காட்டும்.

கே: அதே ஆள்தான் சார். 4 டிகிரிக்கா இவ்வளவு சண்டை? மூட்டுக் கோணம் அளக்கிற கோனியோமீட்டர்லயும் அவ்வளவு ஆடுமே?

ப: ஆடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் வாராவாரம் ஒப்பிடுகிறீர்கள். இந்த வாரம் போன் நேர், அடுத்த வாரம் கோணல். முழங்கால் அசையவே இல்லை, கணக்கில் 4 டிகிரி கூடியிருக்கும். அதைப் பார்த்து ஒருவர் பயிற்சியைக் கூட்டுவார், வீங்கிய காலோடு என்னிடம் வருவார். தரையில் டேப் ஒட்டி ஸ்டாண்டின் இடத்தைக் குறித்து வையுங்கள்.

கே: இரண்டு போன் வைத்தால் தீருமா?

ப: பெருமளவு தீரும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஓபன்கேப் மென்பொருள் அப்படித்தான் முப்பரிமாணமாகக் கணக்கிடுகிறது. என்றாலும் தொடை உள்ளே வெளியே திரும்புவதை அளக்க அதை நம்ப மாட்டேன்.

கே: ஆப் 'சரி' என்கிறது, எனக்கு வலிக்கிறது. தொடரலாமா?

ப: நிறுத்துங்கள். உங்கள் பிசியோவிடம் காட்டுங்கள்.

கே: போன் எந்த உயரத்தில்?

ப: மேலே இருக்கிறது.

கே: முன்னாலிருந்து எடுத்தால் முழங்கால் மடக்கு தெரியுமா?

ப: பக்கவாட்டில்!

கே: ஸ்டாண்ட் இல்லை. மகன் கையில் பிடித்துக்கொண்டால்?

ப: மகனை உட்காரச் சொல்லுங்கள். போனை நாலு புத்தகத்தின்மேல் சாய்த்து வையுங்கள். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள்.